ஏற்காட்டுல அப்படி என்னங்க குளிரு?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் இந்த மலையில் மிகக் குறைவு. என் கணவர் கேட்டார். பார்சல் கொண்டுவந்த ஆள் கேட்டார், அதுவும் காதைச் சுற்றி மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு. பள்ளியில் ஆசிரியர் அறையில் கேட்டார்கள். சேலத்தில், வண்டி வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், ஏசி அறைக்குள் உட்கார்ந்திருந்த ஒருவர், "மேடம், நீங்க இருக்கறது என்ன காஷ்மீரா?" என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த அறையின் ஏசியே போதாமல் போயிருக்கும்.

நான் கொட்டச்சேட்டில் பிறந்து வளர்ந்தவள். இந்த மலையின் குளிர் எவ்வளவு என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மார்கழி, தை மாதக் காலைகளில் பனிமூட்டம் காப்பிச் செடிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடந்து போகிறவர்களுக்கு அது சுகமான குளிர். கீழேயிருந்து வருகிறவர்கள் காசு கொடுத்து அனுபவித்துவிட்டுப் போகிற குளிர். ஆனால் எனக்குச் சில ஆண்டுகளாக ஒரு கோளாறு இருக்கிறது. குளிர்ந்த காற்று பட்டால் விரல்களில் ரத்தம் நின்றுவிடும். முதலில் வலது கை மோதிர விரல், பிறகு அதற்குப் பக்கத்து விரல்கள். மெழுகுவர்த்தி போல வெளுத்து, உணர்ச்சியற்றுப் போகும். ஊசியால் குத்தினாலும் தெரியாது. அரை மணி நேரம் கழித்து நீலமாகி, பிறகு சிவந்து, அப்போது எரியும் பாருங்கள், பல்லைக் கடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சேலத்து டாக்டர் அதற்கு என் வாயில் நுழையாத ஒரு வெள்ளைக்காரப் பெயர் சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார். "குளிர்ல போகாதீங்க. முடிஞ்சா கீழ வந்து குடியிருங்க. அந்த பைக்கை மொதல்ல விட்டுடுங்க" என்று மூன்றே வாக்கியத்தில் என் வாழ்க்கையைத் தீர்த்துவைத்தார். ஊரை விட வேண்டும், வண்டியை விட வேண்டும். இரண்டையும் விட்டால் மிச்சம் நான் என்ன செய்வேன் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நாற்பத்து மூன்றாம் வயதில், நீண்ட தூரம் போவதற்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றுத் தடுப்பு. கோடை விடுமுறையில் மூணாறு போனோம், அடுத்த ஆண்டு குடகு போனோம். நான் ஓட்டுவேன், என் கணவர் பின்னால் உட்கார்ந்து வருவார். இதைப் பார்த்து ஊரில் சிரித்தவர்கள் உண்டு. அவர் சிரிக்கவில்லை. வழி கேட்பது, டீக்கடை தேடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் அவருக்குப் பெருமை.

போன தை மாதம், சேலத்துக்கு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் எனக்கு எதிரே பஸ் வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பிடித்ததாக நினைத்தேன். என் விரல்கள் பிரேக்கின் மேல் சும்மா கிடந்தன. அவை அங்கே இருப்பதே எனக்குத் தெரியவில்லை. காலால் பிரேக்கை மிதித்து, வண்டியைச் சுவர்ப் பக்கம் சாய்த்தேன். பஸ் ஓரடி தள்ளிப் போனது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, பின்னால் இருந்தவருக்கு மணிக்கட்டில் சுளுக்கு. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார். ஐந்தில் மூன்று விரல்கள் வெள்ளை.

அன்று அவர் சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். "அம்மிணி, இன்னொருக்கா ரோட்டுல உன்ற வெரலு வெளுத்துச்சுன்னா, வண்டிய குடுத்துப்போடலாம். எனக்கு நொம்பப் பயமா இருக்குது."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் பயந்தது எனக்காகத்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எதிரியிடம் சண்டை போடலாம். அன்பாகப் பேசுகிறவரிடம் எப்படிப் போடுவது?

ஆகவே மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து படித்தேன். வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துச் சூடாகும் உடுப்புகள் இருக்கின்றன. ஜாக்கெட்டுக்கு உள்ளே போடும் இன்னொரு மெல்லிய ஜாக்கெட், அதன் கையில் செருகிக்கொள்ளும் கையுறை. உள்ளே மெல்லிய கம்பிகள் ஓடும். இஸ்திரிப் பெட்டி தத்துவம்தான். உடம்பு சூடாக இருந்தால் விரலுக்கு ரத்தம் போகும் என்றும் படித்தேன். முதலில் கையில்லாத பனியன் மாதிரி ஒன்றை வரவழைத்தேன். அளவு சிறியதாக வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்ப முடியாது என்றார்கள். அதற்கு ஒரு மூச்சு கோபப்பட்டுவிட்டு, அதை அலமாரியில் போட்டுவிட்டு, சரியான அளவில் முழு ஜாக்கெட்டும் கையுறையும் வாங்கினேன்.

இரண்டும் சேர்ந்து ஏழரை ஆம்பியர் இழுக்கும். என் வண்டி ஓடும்போது உற்பத்தியாகும் மின்சாரத்தில் இதற்கு மேல் மிச்சம் இருக்கிறது. இதை நான் தாளில் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு, என் கணவரோடு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். நான் தாளை நீட்டினேன். அங்கிருந்த ஆள் என் கணவரைப் பார்த்து, "சார், எக்ஸ்ட்ரா வயரிங் பண்ணா வாரண்டி போயிடும் சார்" என்றார். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுகிறவள் நான், கேள்வி கேட்டவள் நான். பதில் அவருக்கு. என் கணவர் பாவம், "என்கிட்டச் சொல்லாதீங்க, அவிங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். அந்த ஆள் மறுபடியும் அவரைப் பார்த்தே "அதான் சார்" என்றார். அந்தத் தாளைச் சுருட்டி எங்கே வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதை இங்கே எழுத முடியாது. பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்துகிறவள் நான்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு எலக்ட்ரீசியன் கடை வைத்திருக்கிறார். எஸ்டேட் ஜீப்புகளுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் வயரிங் பார்ப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவர். அவரிடம் போனேன். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். அதற்கே நான் பாதி மனம் இளகிவிட்டேன்.

"ஏனுங்க டீச்சர், பேட்டரில நேரா மாட்டுனா நீங்க மறந்துபோட்டுப் போனாலும் இழுத்துக்கிட்டே இருக்குமுங்க. சாவி போட்டாத்தான் இதுக்குக் கரண்டு வர்ற மாதிரி ஒரு ரிலே வெச்சுத் தாரனுங்க. நடுவுல ஒரு ஃபியூஸ்."

நான் நினைத்ததும் அதுதான். சாவியைத் திருப்பினால் ரிலே இணையும், ஜாக்கெட்டுக்கு மின்சாரம் போகும். சாவியை எடுத்தால் நிற்கும். அரை நாளில் முடித்துவிட்டார். வயரை டாங்கியின் அடியில் கறுப்புக் குழாய்க்குள் நுழைத்து, சீட்டின் இடது ஓரத்தில் பிளக்கை வெளியே விட்டார். எங்கும் ஒரு வயர் தொங்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

ஆனால் வேலைக்கு நடுவே அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கையுறைக்குள் தன் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "இது வண்டி இல்லாம ஓடுமுங்களா?" என்றார். "சின்ன பேட்டரில எத்தன நேரம் வருமுங்க?" என்றார். "உங்களுக்கு வெரலு வெளுத்த பொறவு நீலமா ஆகுதுங்களா, இல்ல நேரா செவந்துருதுங்களா?" என்றார். அப்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. ஊரெல்லாம் என் விரலை வேடிக்கை பார்த்தது போதாதா? "நீங்க வயரைப் பாருங்க தம்பி, வெரலை டாக்டர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டேன். அவர் கையுறையைக் கழற்றி மடித்துச் சீட்டின் மேல் வைத்தார். மறுபடி வயரிடம் குனிந்தார்.

முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் கொட்டச்சேட்டிலிருந்து பள்ளிக்குப் போகும்போது முன்னால் பனிமூட்டம், உள்ளே வெதுவெதுப்பு. பள்ளி வாசலில் கையுறையைக் கழற்றிப் பத்து விரலையும் பார்த்துக்கொள்வேன். பத்தும் என் நிறத்தில் இருந்தன. காவலாளியிடம் காட்டினேன். அவருக்கு எதற்கு என்று புரியவில்லை. "நல்லா இருக்குதுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேலத்துக்கு இறங்கினோம். சூடு ஏறிய ஜாக்கெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, மலைக்காரர்கள் எல்லாரும் இறங்குவது மாதிரி, சத்தமில்லாமல் இறங்கினேன். காற்றின் சத்தமும், வளைவுக்கு வளைவு நான் அடிக்கும் ஹாரனும், எங்கேயோ குரங்குகள் கத்துவதும்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்தில் வண்டியைக் கிளப்பப் பொத்தானை அழுத்தினால், 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பேட்டரி செத்துவிட்டது. டீக்கடைக்காரரின் வண்டியிலிருந்து வயர் போட்டுக் கிளப்பினோம்.

ஒரு தடவை என்றால் விட்டிருப்பேன். அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு பாதி மலையிலேயே ஜாக்கெட் குளிர்ந்துவிட்டது. அதன் சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டியது, அணைந்தது. ஓரமாக நிறுத்தி, கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு நின்றேன். மோதிர விரலின் நுனியில் அந்த வெள்ளை ஆரம்பித்துவிட்டது.

"காட்டு" என்றார் என் கணவர்.

"நுனிதான். இது கணக்குல வராது."

"நுனியில இருந்துதான் அம்மிணி ஆரம்பிக்குது."

திங்கட்கிழமை காலை நேராக ஒண்டிக்கடைக்குப் போனேன். எட்டு மணி. பள்ளிப் பிள்ளைகளும் எஸ்டேட்டுக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்காகக் கூடி நிற்கிற நேரம். வண்டியை அவர் கடை வாசலிலேயே நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஆரம்பித்தேன். எங்கோ வயர் பேட்டரியைத் தின்கிறது, இன்சுலேஷன் போயிருக்கிறது, ரிலே மலிவு ரிலே, உங்களை நம்பி வந்தது என் தப்பு என்று வரிசையாக. வகுப்பறையில் ஐம்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். பஸ் நிற்கும் இடம் முழுக்கக் கேட்டது.

அவர் வண்டியின் சீட்டைக் கழற்றினார். "செரிங்க, இன்னொருக்கா பாத்தரலாமுங்க" என்றார். மீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். சாவியை எடுத்த பிறகு துளி மின்சாரம் கசியவில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார், சார்ஜ் சரியாக ஏறியது. ரிலேயை மாற்றினார், ஃபியூஸை மாற்றினார். பேட்டரியை வேறு இடத்தில் கொடுத்துச் சோதித்தார். அடுத்த ஞாயிறு மறுபடியும் அடிவாரத்தில் 'டிக்'.

திங்கட்கிழமை நான் இன்னும் சத்தமாகப் பேசினேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருங்க. ஜீப்புக்கு லைட் மாட்டறவங்ககிட்ட இந்த வேலைய குடுத்ததுக்கு என்னைச் சொல்லணும்." இதைச் சொன்னபோது பஸ்ஸுக்கு நின்ற யாரோ சிரித்தார்கள். அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. இன்று நினைத்தால் என் நாக்கை நானே பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இதற்கிடையில் வீட்டில், சேலத்துக்காரர் ஒருவர் வண்டியைப் பார்க்க வருகிறார் என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். "சும்மா பாத்துட்டுப் போகட்டும், கண்ணு." பெண் பார்க்க வருவது மாதிரி. நான் அன்று இரவு சாப்பிடவில்லை. என் வண்டி, என் கை, என் குளிர். ஆனால் தீர்ப்பு மட்டும் டாக்டர் சொல்கிறார், சர்வீஸ் சென்டர் சொல்கிறது, கணவர் சொல்கிறார், ஒரு சிவப்பு விளக்கு சொல்கிறது.

வெள்ளிக்கிழமை எலக்ட்ரீசியனிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், நாளைக்கு லீவுதானுங்களே? நீங்க முன்னால எறங்குங்க. நான் பொறத்தால வாரன். கண்ணால பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வருமுங்க."

சனிக்கிழமை காலை ஜாக்கெட்டைச் செருகிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். பின்னால் அவர் தன் பழைய வண்டியில். அவர் வண்டிச் சத்தமும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் இரண்டு சைக்கிள்கள் போல இறங்கிக்கொண்டிருந்தோம். ஏழெட்டு வளைவு தாண்டியிருப்போம். ஒரு வளைவில் நான் ஹாரன் அடித்தேன். அது தொண்டை கட்டிய ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. பின்னாலிருந்து அவர் "டீச்சர்! டீச்சர்! நில்லுங்க!" என்று கூவினார்.

ஓரமாக நிறுத்தினோம். அவர் என் வண்டியைப் பார்த்தார். பிறகு தன் வண்டியைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எஞ்சினை அமத்திப்போட்டுங்களா எறங்கறீங்க?"

"எல்லாரும் அப்படித்தானே எறங்கறோம்?"

"அதேதானுங்க. நானும் அமத்திப்போட்டுத்தானுங்க வந்தன். அதனாலதான் எனக்குத் தோணவே இல்லீங்க!"

கீழேயிருந்து வருகிறவர்களுக்கு இது புரியாது. இந்த மலையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிற எவரும் முதலில் கற்றுக்கொள்வது, இறக்கத்தில் எஞ்சினை நிறுத்துவது. பெட்ரோல் மிச்சம் என்று ஆரம்பித்த பழக்கம். கியரில் இறங்குங்கள் என்று வளைவுக்கு வளைவு போர்டு வைத்திருக்கிறார்கள், அதைப் படித்துக்கொண்டேதான் நியூட்ரலில் இறங்குவோம். வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும் என்பதற்காகச் சாவியை எடுக்க மாட்டோம். வலது கைப் பக்கத்துச் சிவப்புப் பொத்தானைத் தட்டி எஞ்சினை மட்டும் அணைப்போம். சாவி இருப்பதால் ரிலே இணைந்தே இருக்கும். எஞ்சின் நின்றுவிட்டதால் சார்ஜ் ஏறாது. அரை மணி நேரம் ஏழரை ஆம்பியர், அந்தச் சின்ன பேட்டரியிலிருந்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. நான் இயற்பியல் ஆசிரியை. மலை முழுக்க என் ஜாக்கெட் பேட்டரியைக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறது, நான் காற்றின் சத்தத்தை ரசித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. இந்தத் தடவை திட்டுவதற்கு எதிரே ஆள் இல்லை. அவர் சாலையோர மதில் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார், நானும் சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளே ஒன்று உறுத்தியது. நான் அவரைத் திட்டியது நாற்பது பேருக்குக் கேட்டது. இவர் என் தப்பைக் கண்டுபிடித்தது குரங்குகளுக்கு மட்டும்தான் தெரியும்.

மீதி மலையை எஞ்சின் ஓட இறங்கினேன். அடிவாரத்தில் விரல்கள் பத்தும் சுடச்சுட இருந்தன. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் கணவர், சேலத்துக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். "ஆனா நான் சொன்னது சொன்னதுதான், அம்மிணி" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். ரோட்டில் வெளுத்தால் வண்டி இல்லை. சரி என்றேன். இனி அது நடக்கப் போவதில்லை என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அதே கூட்டம் பஸ்ஸுக்கு நிற்கிறபோது, அதே இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சத்தமாகத் திட்டிவிட்டுக் காதோடு காதாக மன்னிப்புக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே குரலில் சொன்னேன். "தம்பி, உங்க வேலைல ஒரு குத்தமும் இல்லை. இறக்கத்துல எஞ்சினை அணைச்சது நான். உங்களை நாலு பேர் முன்னால பேசினது தப்பு. மன்னிச்சுக்கங்க." இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்கள். திட்டியதைக் கேட்க இருந்த ஆவலில் கால்வாசி கூட இதற்கு இல்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டு நின்றார். "அதெல்லாம் இருக்கட்டுங்க, டீச்சர். ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"என்ற ஊட்டுக்காரிக்கும் வெரலு இப்படித்தானுங்க வெளுக்குது. உங்களுக்கு ஆகறாப்பலயேதான். தலைச்சோலைப் பக்கம் எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கப் போறாளுங்க. இப்பத்தான் சீசனு. ஈரத்துல, வெறுங்கையில. நீங்க வண்டில செருகிக்கறீங்க. அவளுக்குப் பிளக்க எங்கீங்க மாட்டறது?"

அந்த எட்டு மணி வெயிலில் நான் சூடான கையுறையோடு நின்றுகொண்டிருந்தேன். முதல் நாள் அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வண்டி இல்லாமல் ஓடுமா? சின்ன பேட்டரியில் எத்தனை நேரம் வரும்? நீலமாக ஆகிறதா? நான் அவரிடம் வயரைப் பார் என்று சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதை இங்கே மறைத்து எழுதினால் இத்தனை எழுதியதற்கும் அர்த்தமில்லை.

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"அவளுக்குச் சோம்பேறித்தனம்னு மேஸ்திரி சொல்றாருங்க. கை மரத்துப்போச்சுன்னு நின்னா, மத்தவங்களுக்கு மரக்கலியான்னு கேக்கறாராம்."

அலமாரியில் கிடந்த அந்தச் சின்ன பனியன் அன்று மாலையே அவர் கடைக்குப் போனது. கையுறை அந்த வேலைக்கு ஆகாது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பழுத்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிக்க முடியாது. ஆனால் உடம்பு சூடாக இருந்தால் விரலுக்கு ரத்தம் போகும். இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன பேட்டரி டப்பாவை அவர் செய்தார். நான் கணக்குப் போட்டேன், அவர் பற்றவைத்தார். குறைந்த சூட்டில் வைத்தால் மதியம் வரை வரும். மூன்றாம் நாள் போன் செய்து, "வெரலு வெளுக்கலீங்க டீச்சர்" என்றார். அதிகம் பேசாத மனிதர் அதையே இரண்டு தடவை சொன்னார். டாக்டரிடமும் கூட்டிப்போங்கள் என்று சொன்னேன், அடுத்த வாரம் போவதாகச் சொன்னார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. பனிமூட்டம் பத்து மணி வரை கலையாத நாள். நான் ஒண்டிக்கடையில் காய்கறி வாங்கப் போயிருந்தேன். அவர் கடை வாசலில், மடித்த பனியனும் பேட்டரி டப்பாவும் ஸ்டூல் மேல் இருந்தன.

"என்னாச்சு தம்பி?"

"கழட்டச் சொல்லிப்போட்டாருங்க மேஸ்திரி. அவ கழட்டிக் குடுத்தனுப்பிட்டு வெறுங்கையில பறிச்சுட்டு இருக்கறா." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஏற்காட்டுல அப்படி என்ன குளிருன்னு கேட்டாராமுங்க."

காய்கறிப் பையை அவர் கடையிலேயே வைத்தேன். எந்த எஸ்டேட், எந்த வழி என்று கேட்டுக்கொண்டேன். பனியனையும் டப்பாவையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு ஜாக்கெட்டின் பிளக்கைச் சீட்டின் ஓரத்திலிருந்து உருவினேன். கையுறை இரண்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டேன்.

"டீச்சர், கையில ஒண்ணுமில்லாமப் போறீங்களே" என்றார் அவர்.

"தெரிஞ்சுதான் போறேன்."

மெதுவாகத்தான் ஓட்டினேன். இறக்கத்தில் எஞ்சினை அணைக்கவில்லை. கை பிடிக்காமல் போனாலும் வண்டி கியரில் நிற்கும், கால் பிரேக் இருக்கிறது. பாதி வழியில் மோதிர விரல் போனது. தலைச்சோலையில் எஸ்டேட் கேட்டைத் தாண்டும்போது இடது கையில் இரண்டும் வலது கையில் மூன்றும் போய்விட்டன. களத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். ஐம்பது வயது, குல்லாவும் மப்ளரும், ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர்.

வண்டியை நிறுத்தி இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"நான் ஸ்கூல் டீச்சருங்க. சோம்பேறி இல்லை. ஒண்டிக்கடையில இருந்து இங்க வர்றதுக்குள்ள ஏற்காட்டுக் குளிர் பண்ணின வேலை இது. தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. "ஏனுங்க, என்னங்க இது" என்று ஓரடி பின்னால் போனார். பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்தினார்கள். செடிகளுக்கு நடுவிலிருந்து ஒருத்தி வந்தாள். இடுப்பில் கூடை. அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் பார்த்ததும் யாரென்று தெரிந்தது. பழச்சாறு ஒட்டிய தன் கையைத் துடைத்து என் கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். அதே விரல்கள், அதே வெள்ளை.

மேஸ்திரி எங்கள் கைகளை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "செரி, போட்டுக்கட்டுங்க" என்றார்.

பனியனை எடுத்துக் கொடுக்கப் பெட்டியைத் திறக்கப் போனேன். என் விரலால் பூட்டைத் திறக்க முடியவில்லை, அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். அவள் விரலும் சரியாகப் பிடிக்கவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு வழியாகத் திறந்தோம்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மாலை என் கணவர், தான் வேலை பார்க்கும் நாற்றுப் பண்ணையிலிருந்து வந்ததும் சொல்ல வேண்டும். ரோட்டில்தான் வெளுத்தது, நுனி மட்டுமில்லை, ஐந்து விரல் என்று.